படிக்கட்டுப் பக்கம் கேட்காத வயலின்

என் உயிரான பாவநாசம் அண்ணனுக்கு,

நீ போய் ஆறு மாதம் ஆகிறது. இத்தனை நாள் ஒரு வரி எழுதாதவள் இப்போது எழுதுகிறேன் என்றால் நல்ல காரியத்துக்கு இருக்காது என்று உனக்கே தெரியும். எனக்கு வெள்ளிக்கிழமை வரைக்கும்தான் நேரம் இருக்கிறது அண்ணே. இன்று புதன். போஸ்டாபீசுக்கு லீவு சொல்லிவிட்டு, உலைகூட வைக்காமல் உட்கார்ந்திருக்கிறேன். என்ன செய்யட்டும் என்று நீதான் சொல்ல வேண்டும், நீயோ வாயைத் திறக்க மாட்டாய்.

விஷயம் இதுதான். நம் அருள் இருக்கிறானே, பதினோரு வருஷம் உனக்கு உதவியாளனாக இருந்து கீபோர்டு வாசித்த அருள், அவன் ஒரு பேட்டி கொடுத்திருக்கிறான். உன் கடைசி மூன்று படங்களின் பாட்டும் அவன் போட்டதாம். "அண்ணன் ஸ்டுடியோவுக்கு வருவாங்க, உக்காந்திருப்பாங்க. அவங்க மனசு அங்க இருக்காது. டியூன் எல்லாம் நான்தான் போட்டேன்" என்று சொல்கிறான். கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அவன் வருத்தமாகச் சொல்கிறான், பார்க்கிறவர்கள் நம்பத்தானே செய்வார்கள்?

அதன் பிறகு பாட்டை வெளியிட்ட கம்பெனியிலிருந்து எனக்குக் கடிதம் வந்தது. நீ கல்யாணமே வேண்டாம் என்று இருந்துவிட்டதால் உனக்கு வாரிசு நான்தானாம். ஆட்சேபம் இருந்தால் ஆதாரத்தோடு வெள்ளிக்கிழமைக்குள் சொல்ல வேண்டுமாம். இல்லாவிட்டால் மூன்று படத்திலும் உன் பெயரை எடுத்துவிட்டு அருள் பெயரைப் போட்டுவிடுவார்கள். போஸ்டாபீஸ் விலாசத்துக்கே வந்த அந்தக் கடிதத்தை என் கவுண்டரிலேயே, நானே முத்திரை குத்தி, நானே வாங்கினேன்.

ஆதாரம் என் கையில் இருக்கிறது. அதுதான் கொடுமை. ஆறு வருஷமாக நீயும் நானும் அனுப்பிக்கொண்ட குரல் பதிவுகள் அத்தனையும் போனில் அப்படியே கிடக்கின்றன. மூன்று படத்தின் பாட்டும் வார்த்தை வருவதற்கு முன்னால் உன் வாயில் 'தன்னான தானா' என்று பிறந்தது அதில் இருக்கிறது. அதைக் கொடுத்தால் உன் பாட்டு உன்னிடம் வந்துவிடும். ஆனால் எதை வெளியே சொல்லக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கினாயோ, அதுவும் கூடவே வெளியே வந்துவிடும். இந்தக் கடிதத்தைப் பத்திரிகைக்கு அனுப்பப் போகிறேனா, கிழித்து அடுப்பில் போடப் போகிறேனா என்று இந்த வரியை எழுதும்போது எனக்கே தெரியாது.

நம் பஸ் சமாசாரம் ஊரில் யாருக்கும் தெரியாது. அதைச் சொல்லாமல் மற்றதைச் சொன்னால் யாருக்கும் விளங்காது.

கோயில் கொடைத் திருவிழாக்களில் மெல்லிசைக் குழுவோடு கீபோர்டு வாசித்துக்கொண்டிருந்த நீ மெட்ராசுக்குப் போய், ஏழெட்டு வருஷம் எங்கெங்கோ இடிபட்டு, முதல் படம் வாங்கினாய். பாவநாசம் என்ற பெயரைக் கேட்டுத் தயாரிப்பாளர் பயந்துவிட்டார். நாசம் என்று முடிகிற பெயரைப் போஸ்டரில் போட்டால் படம் விளங்குமா என்று கேட்டு, உன்னைப் பொதிகைநாதன் ஆக்கினார். பாட்டு வெளிவருவதற்கு முன்னால் ஒரு கேசட்டை எனக்குப் பார்சலில் அனுப்பினாய். "ஏட்டி உலகு, இத முருகையா அண்ணாச்சி பஸ்ஸுல போடச் சொல்லு. யார் பாட்டுன்னு சொல்லாத. நல்லா இருக்கான்னு ஒருத்தர்ட்டயும் கேக்காத, கேட்டா பொய்தான் சொல்லுவாவ. சும்மா பாத்துட்டு வந்து சொல்லு."

நான் விக்கிரமசிங்கபுரத்தில் ஏறி சேரன்மகாதேவி போஸ்டாபீசுக்கு வேலைக்குப் போகிறவள். முருகையா அண்ணாச்சி பாபநாசத்திலிருந்து திருநெல்வேலிக்கு ஓட்டுகிற தனியார் பஸ்தான் எனக்கு எப்போதும். வீரவநல்லூர் தாண்டினதும் உன் பாட்டைப் போடுவார். நான் ஜன்னலைப் பார்க்கிற மாதிரி ஆட்களைப் பார்த்துக்கொண்டு வருவேன். கம்பியில் யார் விரல் தட்டுது, தூங்கினவர்கள் யார் முழிச்சாங்க, பேசிக்கொண்டு வந்த பொம்பிளைகள் எந்த இடத்தில் பேச்சை நிறுத்தினாங்க. இறங்கினதும் உனக்குப் போன். கேசட் போய் சிடி வந்தது, சிடி போய் பென் டிரைவ் வந்தது, விருது வந்தது, சொந்தமாக ஆல்பம் தயாரித்து வெளியிடுகிற அளவுக்கு வளர்ந்தாய். பஸ் மட்டும் மாறவில்லை. மெட்ராசில் எத்தனை பேர் நல்லா இருக்கு என்று சொன்னாலும், "எங்க ஊருல ஒரு தடவ கேட்டுக்கிடுதேன்" என்பாயாம். அவர்கள் ஏதோ பெரிய ஜோசியரிடம் கேட்கிறாய் என்று நினைத்திருக்கிறார்கள்.

எட்டு வருஷத்துக்கு முன்னால் ஆடி அமாவாசைக்கு வந்தாய். அப்பாவுக்குத் தர்ப்பணம் கொடுத்துவிட்டு பாபநாசம் படித்துறையில் இடுப்பளவு தண்ணீரில் நின்றோம். தலையைச் சாய்த்துச் சாய்த்து இடது காதைத் தட்டினாய். "தண்ணி போயிட்டா?" என்று கேட்டேன். "தண்ணி இல்லட்டி. மூணு மாசமா இப்படித்தான். டாக்டர்ட்ட காட்டிட்டேன். இந்தக் காது இனிமே வராதாம்" என்றாய். எனக்கு முதலில் சிரிப்பு வந்தது அண்ணே. நீ எப்போதும் போல விளையாடுகிறாய் என்று நினைத்தேன். உன் முகத்தைப் பார்த்த பிறகுதான் காலுக்கடியில் படி வழுக்கியது.

"ஆத்துக்குள்ள நிக்கோம். யார்ட்டயும் சொல்லமாட்டேன்னு சொல்லு" என்றாய். சொன்னேன். ஏன் என்று நான் கேட்கவில்லை, கேட்க வேண்டியதும் இல்லை. அப்பாவை மறக்க முடியுமா நமக்கு? மில் பக்கத்தில் சைக்கிள் கடை வைத்திருந்த மனுஷனுக்கு நாற்பது வயதில் காது மந்தமாகிவிட்டது. அதற்குப் பிறகு அவருக்குப் பெயரே கிடையாது, செவிட்டு அண்ணாச்சிதான். சில பேர் அவர் முன்னால் வந்து சத்தமே இல்லாமல் வாயை மட்டும் அசைப்பார்கள். காது இன்னும் மோசமாகிவிட்டது என்று நினைத்து, "சரி, சரி" என்று தலையாட்டிக்கொண்டு பம்பை எடுத்துக் கொடுப்பார். சுற்றி நின்று சிரிப்பார்கள். நீ ஒருநாள் அதில் ஒருத்தன் மேல் சைக்கிள் செயினை வீசிவிட்டு ஓடி வந்தாய்.

காது போன இசையமைப்பாளனுக்கு யார் படம் கொடுப்பான்? உன்னை நம்பி எத்தனை வாத்தியக்காரர்கள் வீட்டில் அடுப்பு எரிந்தது? இதெல்லாம் நீ சொல்லாமலே எனக்குத் தெரியும். ஆனால் அதையெல்லாம்விட, செவிட்டு அண்ணாச்சி மகனும் செவிடாயிட்டான் என்று நம் தெருவில் ஒருத்தர் வாயில் வந்துவிடக் கூடாது, அதுதானே அண்ணே?

எப்பேர்ப்பட்ட ஆள் நீ. ஒரு காதை வைத்துக்கொண்டு எட்டு வருஷம் மெட்ராசையே ஏமாற்றினாய். ஹெட்போனை முதலில் நேராகப் போட்டுக் கேட்பாய், பிறகு கழற்றித் திருப்பி மாட்டி, இடப் பக்கத்துச் சத்தத்தை வலது காதில் கேட்பாய். அதைப் பார்த்த சின்னப் பயல்கள் இதுதான் பொதிகைநாதன் ஸ்டைல் என்று அவர்களும் ஹெட்போனைத் திருப்பிப் போட்டுப் படம் எடுத்துக்கொண்டார்கள். நீ எனக்குப் போன் போட்டு விழுந்து விழுந்து சிரித்தாய். "மூதியளா, காது நல்லாத்தானல்லா இருக்கு உங்களுக்கு, எதுக்குலே திருப்புதிய?"

சிரிப்பில்லாத பக்கமும் உண்டு. இடப் பக்கமிருந்து யாராவது கூப்பிட்டால் உனக்குக் கேட்காது. உன்கூடப் பள்ளிக்கூடத்தில் படித்தவர் ஒருத்தர் நெல்லையப்பர் கோயிலில் மூன்று தடவை கூப்பிட்டும் நீ திரும்பவில்லை என்று அவர் இன்று வரைக்கும் சொல்லிக்கொண்டு திரிகிறார். "பணம் வந்ததும் கண்ணு தெரியல உங்க அண்ணனுக்கு" என்று என்னிடமே சொன்னார். கண்ணில்லை ஐயா, காது என்று சொல்ல நாக்கு நுனி வரைக்கும் வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு அவருடைய மணியார்டருக்கு ரசீது கிழித்துக் கொடுத்தேன்.

அந்த அமாவாசைக்குப் பிறகு பஸ் வேலை கூடிப்போனது. முன்பெல்லாம் ஆட்களைப் பார்த்துச் சொன்னால் போதும். இப்போது என் காதையும் கேட்டாய். முருகையா அண்ணாச்சி பஸ்ஸில் இரண்டு பக்கத்து ஸ்பீக்கரும் தனித்தனியாகப் பேசும் என்று நீயே ஒருநாள் ஏறிப் பார்த்துத் தெரிந்துகொண்டாய். "உலகு, டிரைவர் பக்கம் என்ன கேக்கு? படிக்கட்டுப் பக்கம் என்ன கேக்கு?" ஒவ்வொரு பதிவிலும் இதைக் கேட்பாய். நம் ஊர் பஸ்ஸில் படிக்கட்டு இடப் பக்கம். உன் செத்த காதுக்கு நாம் வைத்த பெயர் படிக்கட்டுப் பக்கம்.

திங்கட்கிழமை பாளையங்கோட்டையில் ஒரு வக்கீல் அம்மாவைப் பார்த்தேன். பதிவில் இரண்டைப் போட்டுக் காட்டினேன். கேட்டுவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார். "இது போதும்மா, கேஸே நிக்காது. ஆனா முழுசா குடுக்கணும். வெட்டி ஒட்டிக் குடுத்தா, நீங்களே உண்டாக்கினதுன்னு சொல்லிருவாங்க" என்றார். அந்தப் படிக்கட்டுப் பக்கம் என்றால் என்ன என்று கேட்டார். "பஸ்ஸுல படிக்கட்டுப் பக்கம்தான்" என்றேன். அவர் நம்பவில்லை. நம்பாதவர் மாதிரியும் காட்டிக்கொள்ளவில்லை.

வீட்டுக்கு வந்து வெட்ட முடிகிறதா என்று நானே பார்த்தேன். பக்கத்து வீட்டில், மாஞ்சோலை எஸ்டேட்டிலிருந்து இறங்கி வந்து குடியிருக்கிறார்களே, அந்த வீட்டுப் பெண் காலேஜில் கம்ப்யூட்டர் படிக்கிறாள். அவளிடம் எப்படி வெட்டுவது என்று மட்டும் கேட்டுக்கொண்டேன். ஒன்றாவது வெட்டுகிற மாதிரி இருக்க வேண்டுமே? தன்னானா பாடுகிறாய், நடுவில் மூச்சு வாங்கி, "இந்த இடத்துல ஹெட்போன திருப்பிப் போட்டுக் கேட்டுட்டேன்" என்கிறாய், அதே மூச்சில் மறுபடி தன்னானா. பாட்டும் காதும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. எதைப் பிடித்து இழுத்தாலும் மற்றது கூட வருகிறது. போனைக் கட்டிலில் எறிந்துவிட்டு அழுதேன்.

நேற்று அருளுக்கே போன் போட்டேன். திட்டத்தான் போட்டேன். பாளையங்கோட்டைக்காரன்தானே, நம் ஊர் பேச்சிலேயே நாலு வார்த்தை கேட்டுவிடலாம் என்று எடுத்தவுடன் ஆரம்பித்தேன். "ஏலே, உனக்கு மனசாட்சி இருக்காலே? சோறு போட்ட கையத்தானே கடிக்க?"

அவன் என்னை முழுசாகத் திட்ட விட்டான். பிறகு, "எக்கா, நான் ஒண்ணு கேக்கட்டுமா?" என்றான். "கடைசிப் படத்துல அந்தப் பாட்டுக்கு வயலின் காதக் கிழிக்குன்னு நான் தலப்பாடா அடிச்சிக்கிட்டேன். முந்தின நாள் வரைக்கும் சரியா இருந்துச்சு. மறுநாள் வந்து அண்ணன் வயலின் சத்தத்த மடமடன்னு தூக்குதாங்க. வேண்டாம்ணேன்னேன். முப்பது பேர் நிக்காங்க, எல்லார் முன்னாடியும் வெளிய போலேன்னுட்டாங்க. எனக்கு நாப்பது வயசாவுது எக்கா. பாட்டு வெளிய வந்து ஊரே காறித் துப்புச்சி. கேக்குத மனுஷனா இருந்தா அப்படித் தூக்குவாங்களா? அவங்க கேக்கவே இல்ல. அவங்க கேக்கவே இல்லன்னா அதுக்கு முந்தின ரெண்டு படத்துலயும் யார் கேட்டா? நான்தான கேட்டேன்?"

"டியூனுமாலே நீ போட்ட?" என்றேன்.

"டியூன் அண்ணன் முனங்குவாங்க. அத பாட்டாக்குனது யாரு?" என்றான். "அடுத்த படத்த அண்ணனே என் கையில குடுத்துட்டுத்தான போனாங்க. இனி என்னால முடியாது, தம்பி பாத்துக்கிடுவான்னு தயாரிப்பாளர்ட்ட சொன்னாங்கல்லா? அவங்களுக்கே தெரிஞ்சிருக்கு எக்கா." அதற்கு மேல் அவனும் அழுதான். நான் போனை வைத்துவிட்டேன்.

அவன் பொய்யன்தான். டியூனைத் தன்னுடையது என்கிறானே, அது பொய்தான். ஆனால் வயலின் விஷயத்தில் அவன் சொன்னது அத்தனையும் உண்மை அண்ணே. அவன் உண்மையைச் சொன்னதற்குத்தான் அன்றைக்கு வெளியே போனான். அது எனக்கு மட்டும்தான் தெரியும். இனி எழுதப் போவதை வக்கீல் அம்மாவிடமும் சொல்லவில்லை, அருளிடமும் சொல்லவில்லை. உன்னிடமும் சொல்லவில்லை. ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு வந்து எழுதுகிறேன்.

ஆனி மாதம், வெளிவருவதற்கு முன்னால், அந்தப் பாட்டு என்னிடம் வந்தது. அன்றைக்கு முகூர்த்த நாள், பஸ்ஸில் நிற்க இடமில்லை. படிக்கட்டுப் பக்கம், எப்போதும் நிற்கிற மாதிரி, ஸ்பீக்கருக்கு நேர் கீழே நின்றேன். பாட்டு வந்தது, பாடகி குரல் வந்தது, தவில் வந்தது. வயலினைக் காணோம். நாற்பது வயலின் வைத்து வாசித்தது, எல்லாம் படிக்கட்டுப் பக்கம்தான் வரும் என்று நீ சொல்லியிருந்தாய். ஒன்றுகூடக் காதில் விழவில்லை. கூட்டத்தை இடித்துத் தள்ளிக்கொண்டு டிரைவர் பக்கம் போய்க் கேட்டேன், எங்கோ தூரத்தில் கொஞ்சம் இழைகிற மாதிரி இருந்தது. ஒருத்தர் விரலும் தட்டவில்லை.

இறங்கினதும் போனில் குரல் பதிவாக உனக்குச் சொல்லி அனுப்பினேன். "வயலினே கேக்கல அண்ணே, ஒண்ணுமே இல்ல."

"இருக்குட்டி. திருப்பிப் போட்டு ரெண்டு தடவ கேட்டுட்டேன். அளவாத்தான் இருக்கு" என்றாய்.

"உனக்குத்தான் அந்தப் பக்கம் கேக்காதுல்லா" என்றேன்.

இந்த வாயால் சொன்னேன் அண்ணே. வேலைக்கு நேரமாகிவிட்டது, வெயில், கசகசப்பு, காலில் எவனோ மிதித்திருந்தான். எட்டு வருஷத்தில் ஒரு நாளும் சொல்லாத வார்த்தை சடக்கென்று விழுந்துவிட்டது. கொஞ்சம் பொறுத்து, "சரிட்டி, வயலின் சத்தத்தத் தூக்கிடுதேன். நீ போ, நேரமாவுது" என்றாய். உன் குரலில் கோபமே இல்லை. கோபப்பட்டிருக்கலாமே நீ? போட்டி மூதி என்று ஒரு வார்த்தை திட்டியிருந்தால் நான் மறுநாள் இன்னொரு தடவை போடச் சொல்லிக் கேட்டிருப்பேனே?

பாட்டு வெளியே வந்தது. வயலின் கத்துகிறது என்று ஆளாளுக்கு எழுதினார்கள். ரம்பம் அறுக்கிற மாதிரி என்று ஒருத்தன் வீடியோ போட்டான். நான் நம்பவில்லை, மெட்ராஸ்காரர்களுக்கு வேறு வேலை இல்லை என்று உன்னிடமே சொன்னேன். மூன்று நாள் கழித்துக் காலையில் பஸ் ஏறினேன். வீரவநல்லூர் தாண்டினதும் முருகையா அண்ணாச்சி அந்தப் பாட்டைப் போட்டார். அம்மாடி! வயலின் தலைக்கு மேலே அலறுகிறது. மடியில் குழந்தை வைத்திருந்தவள் குழந்தையின் காதைப் பொத்தினாள்.

"என்ன அண்ணாச்சி, இப்படிக் கத்துது?" என்று கேட்டேன்.

"புது ஸ்பீக்கர்லா போட்டிருக்கேன்" என்றார் பெருமையாக. "படிக்கட்டுப் பக்கம் ரெண்டும் வைகாசியிலயே செத்துப் போச்சு. நீ கவனிக்கலியா? நீதான தெனமும் அங்கன நிக்க?"

கவனிக்கவில்லை. உன் காதைச் சந்தேகப்பட்டேன், பஸ்ஸைச் சந்தேகப்படவில்லை. இருபது வருஷத்துக்கு மேலாகப் பொய் சொல்லாத பஸ் ஆயிற்றே என்று இருந்துவிட்டேன். தினமும் செத்த ஸ்பீக்கருக்குக் கீழேயே நின்று, டிரைவர் பக்கத்துச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு, இப்போதெல்லாம் அண்ணாச்சி சத்தத்தைக் குறைத்து வைக்கிறார், நல்ல மனுஷன் என்று நினைத்திருக்கிறேன். என்னைப் போல ஒரு மண்டூகம் உண்டா?

அன்று சாயங்காலம் நீயே கூப்பிட்டாய். நான் கவுண்டரைச் சாத்திவிட்டு பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தேன். சாப்பிட்டியா என்று கேட்கவில்லை, மழை உண்டா, ஆத்துல தண்ணி போகுதா என்று கேட்கவில்லை. எடுத்தவுடன், "உலகு, நான் அளவுன்னது உனக்குக் கேக்கல, நான் தூக்குனது ஊருக்குக் கத்துது. உண்மையச் சொல்லு. என் வலது காதும் போயிட்டாட்டி?" என்று கேட்டாய்.

சொல்லியிருக்கலாம். அந்த நிமிஷம் எல்லாம் எனக்குத் தெரியும். காலையில்தான் தெரிந்திருந்தது. அண்ணே, உன் காதில் ஒன்றும் இல்லை, பஸ்ஸில் ஸ்பீக்கர் செத்துக் கிடந்தது, நான்தான் தப்பாகச் சொல்லிவிட்டேன் என்று நாலே வார்த்தை. வெட்கம் அண்ணே. உன் பாட்டை நாசமாக்கினது நான் என்று போனில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "அதெல்லாம் ஒண்ணுமில்ல. அமாவாசைக்கு வருவல்லா, வா, நேருல பேசுவோம்" என்றேன். அமாவாசைக்குப் படித்துறையில் நின்று, உன் கையைப் பிடித்துக்கொண்டு, அழுதுகொண்டே சொல்லிவிடலாம், நீயும் தலையில் ஒரு குட்டு வைத்துவிட்டுச் சிரித்துவிடுவாய் என்று கணக்குப் போட்டேன்.

"சரி, அப்பம் காது போயிட்டு" என்றாய். ஒன்றுமில்லை என்று நான் சொன்னதை நீ நம்பவில்லை. மறுநாளே தயாரிப்பாளரைக் கூப்பிட்டு அடுத்த படம் வேண்டாம் என்றிருக்கிறாய். ஹெட்போனை எடுத்து அலமாரியில் வைத்துப் பூட்டினாயாம், ஸ்டுடியோவில் பெருக்குகிறவர் உன் சாவுக்கு வந்தபோது சொன்னார். அமாவாசைக்கு நாலு நாள் இருக்கும்போது மத்தியானச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டாய். அமாவாசைக்கு நீ வந்தாய். ஒரு சின்னப் பானையில் வந்தாய். அதைத் தண்ணீரில் விடும்போதுகூட நான் சொல்லவில்லை, சுற்றி அத்தனை பேர் நின்றார்கள்.

ஆறு மாதமாகச் சோறு இறங்கவில்லை என்றால் எல்லாரும் அண்ணன் மேல் எவ்வளவு பாசம் என்கிறார்கள். பாசம்தான். ஆனால் எனக்குள் அறுக்கிறது அது இல்லை. ஒரு காது போனபோதுகூட ஒரு படத்தையும் விடாத மனுஷன், இன்னொரு காதும் போச்சு என்று நினைத்து எல்லாவற்றையும் மூடி வைத்துவிட்டுப் போனாயே. போகாத காதைப் போனதாக உன்னை நம்ப வைத்தவள் நான். உன் கடைசி ஒரு மாதத்தை என்னால் எப்படி அண்ணே திருப்பித் தர முடியும்? யார் காலில் போய் விழட்டும்?

இவ்வளவு எழுதின பிறகுதான் எனக்கு ஒன்று தெரிகிறது. இரண்டு நாளாக, அண்ணன் ரகசியத்தைக் காப்பாற்றட்டுமா, அண்ணன் பாட்டைக் காப்பாற்றட்டுமா என்று தவித்தேன் என்று நினைத்தேன். அதில் பாதி பொய். அந்தப் பதிவுகளில் என் குரலும் இருக்கிறது. "உனக்குத்தான் அந்தப் பக்கம் கேக்காதுல்லா" என்று நான் சொன்னதும் இருக்கிறது. உன்னைக் காப்பாற்றுகிறேன் என்று சொல்லிக்கொண்டு என்னை ஒளித்து வைத்திருந்தேன்.

போதும். வக்கீல் அம்மா சொன்ன மாதிரியே போனை முழுசாகக் கொடுக்கிறேன், ஒரு மூச்சைக்கூட வெட்டவில்லை. தண்ணீரில் நின்று உனக்குச் சொன்ன வார்த்தையை மீறுகிறேன். அதற்கு என்ன பாவம் உண்டோ அது என்னோடு இருக்கட்டும். கொடுப்பதற்கு முன்னால் அருளுக்குப் போன் போடுவேன். அருளு, டியூன் உன்னுடையது இல்லை, ஆனால் வயலின் விஷயத்தில் நீதான் சரி, அண்ணன் உன்னை வெளியே அனுப்பினது என்னால் என்று அவனிடம் சொல்வேன். அவன் என்ன வேண்டுமானாலும் பேசட்டும், கேட்டுக்கொள்கிறேன்.

செவிடன் என்று ஊர் சொல்லும், சொல்லட்டும். ஒற்றைக் காதை வைத்துக்கொண்டு அத்தனை பாட்டும் போட்டான் என்றும் சேர்த்துத்தான் இனிமேல் சொல்ல வேண்டியிருக்கும். அதை யாராவது இளக்காரமாகச் சொன்னால் நான் சும்மா விட மாட்டேன், இது சத்தியம். இந்தச் சத்தியத்தை மீற மாட்டேன்.

நீ கேட்டதற்கு இப்போது பதில் சொல்கிறேன், அண்ணே. போகவில்லை. உன் வலது காது கடைசி நாள் வரைக்கும் நல்லாக் கேட்டது. வயலின் அளவாகத்தான் இருந்தது.

அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டிய உன் தங்கச்சி,
உலகம்மை
விக்கிரமசிங்கபுரம்